வெள்ளாட்டு மேல செம்மறிக் கிடா ஏறிடுச்சு, குட்டி உயிரோட வருமா?

அணைக்கட்டு பட்டி: அவசரம். ஆட்டு மேல செம்மறிக் கிடா ஏறிடுச்சு. இப்ப வயிறு தெரியுது. குட்டி தங்குமா, ஊசி போட்டுக் கலைச்சிடலாமா?

பொய்கை சந்தை: ஏறி எத்தனை நாள்? வெள்ளாட்டுக் கிடா பக்கத்துல இருக்கா? 21 நாள் கழிச்சு மறுபடி பருவத்துக்கு வந்துச்சா?

கே.வி.குப்பம் மேய்ச்சல்: தங்கும்ங்க. போட்ஸ்வானால 2000-ல வெள்ளாட்டுக்கும் செம்மறிக் கிடாவுக்கும் ஆண்குட்டி பிறந்து நல்லா வளர்ந்துச்சு. கலைக்காதீங்க.

மூத்த உறுப்பினர்: இதே கேள்வி எத்தனை தடவை வந்தாச்சு, பழைய இழையைப் படிச்சுட்டு வரக் கூடாதா? செம்மறிக்குக் குரோமோசோம் 54, வெள்ளாட்டுக்கு 60, கலப்புக்கு 57. வெள்ளாடு தாயா இருந்தா கரு பிடிக்கும், ஆனா ரெண்டாம் மாசத்தை ஒட்டிப் பெரும்பாலும் செத்துடும். நஞ்சுக்கொடிப் பொட்டு (கருப்பையோட ஒட்டுற முடிச்சு) கருப்பையோட சரியாப் பிணையாது, தாயோட ரத்தமும் குட்டியோட சிவப்பணுவை எதிர்க்கும். செம்மறி தாயா இருந்தா கரு பிடிக்கிறதே அபூர்வம். போட்ஸ்வானா குட்டி அதிசயம், அதுவும் மலடு.

கே.வி.குப்பம் மேய்ச்சல்: 1984-ல கேம்பிரிட்ஜ்ல கூட உருவாக்கினாங்களே?

மூத்த உறுப்பினர்: அது கலப்பே இல்ல. ரெண்டு கருவை ஒட்டவெச்சு வளர்த்தது. ஒரே உடம்புல இங்க கம்பளித் திட்டு, அங்க வெள்ளாட்டு முடி. அதுக்கு அப்பா அம்மா நாலு பேரு.

அணைக்கட்டு பட்டி: ஏறி 102 நாள். பக்கத்து வீட்டு வெள்ளாட்டுக் கிடாவும் வரும். எங்க வெள்ளாடும் செம்மறியும் ஒரே பட்டி, ஒரே தொட்டி.

பொய்கை சந்தை: இதை முதல்லயே சொல்லியிருக்கணும். செம்மறிச் சினையா இருந்தா பெரும்பாலும் இதுக்குள்ள வீசியிருக்கும் (கரு கலைஞ்சு விழுந்திருக்கும்). ஸ்கேன்ல நாளைப் பாருங்க. ஊசியைத் தொடாதீங்க. இந்த மாசத்துல கலைச்சா நஞ்சுக்கொடி தங்கிச் சீழ் பிடிக்கும். அந்த மருந்து தோல் வழியா ஏறும், கர்ப்பிணிங்க கிட்டயே வரக் கூடாது. தானா வீசினா கையுறை போட்டு எடுத்து, சுண்ணாம்பு தூவி ஆழமாப் புதைங்க.

குடியாத்தம் தீவனம்: அதை விடுங்க, ஒரே தொட்டின்னா தாதுக்கலவை என்ன போடுறீங்க? மாட்டுக் கலவையில தாமிரம் அதிகம். செம்மறிக்கு ஈரல்ல சேர்ந்துகிட்டே போய், ஒருநாள் திடீர்னு கண்ணு மஞ்சளாகி மூத்திரம் காபி டிக்காஷன் நிறத்துல போகும். அப்புறம் காப்பாத்துறது கஷ்டம்.

கே.வி.குப்பம் மேய்ச்சல்: தாமிரமே இல்லாத கலவை போட்டா வெள்ளாட்டுக் குட்டி பின்னங்கால் தள்ளாடிப் பிறக்கும். அதுக்கு என்ன பண்றது?

குடியாத்தம் தீவனம்: அதனாலதான் தொட்டியைப் பிரிக்கணும். வெள்ளாடு முன்னங்காலைத் தூக்கி வெச்சு எட்டும், செம்மறி எட்டாது. வெள்ளாட்டுக் கலவையை உயரத்துல கட்டுங்க.

கே.வி.குப்பம் மேய்ச்சல்: சிந்துறதைக் கீழ நிக்கிற செம்மறி நக்குமே. அளந்து குறைவாப் போட்டா ஒரே தொட்டி போதும்.

குடியாத்தம் தீவனம்: தாமிரத்துல "குறைவா" கிடையாது. செம்மறிக்கு அது சேர்ற விஷம்.

பொய்கை சந்தை: தலைப்புக்கு வாங்க. குட்டி செவலையாப் பிறந்தா உடனே கலப்புன்னு முடிவு பண்ணாதீங்க, வெள்ளாட்டுலயும் செவலை உண்டு. வாலைப் பாருங்க: வெள்ளாட்டுக்கு நிமிரும், செம்மறிக்குத் தொங்கும். கண்ணுக்குக் கீழ குழி, பின்னங்கால்ல ரெண்டு குளம்புக்கும் நடுவுல மேலாக ஒரு துளை, ரெண்டும் செம்மறிக்குத்தான். அப்பவும் சந்தேகம்னா ரத்தத்துல குரோமோசோம் எண்ணினாதான் தீரும்.

அணைக்கட்டு பட்டி: ஸ்கேன் பார்த்தாச்சு. ரெண்டு குட்டி, துடிப்பு இருக்கு. சுமார் 80 நாள்னு சொன்னாங்க. நன்றி.

பொய்கை சந்தை: 102-ல 21 போனா 81. அடுத்த பருவத்துல பக்கத்து வீட்டுக் கிடா ஏறியிருக்கு. குட்டி போட இன்னும் 70 நாள். ஒரு மாசம் முன்னாடி துள்ளுமாரி (குடல் நச்சு நோய்) தடுப்பூசி போட்டுடுங்க.