அம்மாவிடம் தமிழில் பேச ஒருவர் வேண்டும் – மாட்டுங்கா, செம்பூர் பக்கம்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மும்பை செம்பூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு 78 வயது, மூன்று வருடமாக டிமென்ஷியா (மறதி நோய்). நாற்பது வருடம் இந்தியிலேயே காய்கறிக்காரரிடம் பேரம் பேசியவருக்கு இப்போது இந்தி சுத்தமாகப் போய்விட்டது, திருநெல்வேலித் தமிழ் மட்டும்தான் மிச்சம்; பின்னால் கற்ற மொழி முதலில் நழுவுவது இந்த நோயில் பலருக்கும் நடப்பதுதானாம். பகலில் பார்த்துக்கொள்ளும் அக்கா மராத்திக்காரர், ரொம்ப நல்லவர், ஆனால் அவர் "லவ்கர், லவ்கர்" (மராத்தியில் 'சீக்கிரம்') என்றால் அம்மா பயந்து கையைத் தட்டிவிடுகிறார்.

போன வாரம் அந்த அக்காவுக்கு "வாங்கம்மா, மெதுவா, நான் பிடிச்சுக்கிறேன்" என்று மட்டும் சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தானாகவே குளிக்கப் போனார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மாலையில் ஒரு மணி நேரம் வந்து தமிழில் பேசிக்கொண்டிருக்க யாராவது கிடைப்பார்களா? சம்பளம் தருகிறோம். முதியோர் உதவி எண் 14567-லும் கேட்கப் போகிறேன்.

அப்புறம் இன்னொன்று. அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது, "அப்பா எங்கே?" என்று தினமும் கேட்கிறார். உண்மையைச் சொன்னால் ஒவ்வொரு முறையும் புதிதாக அழுகிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?