ஆர்எல்எஸ் போட்டதும் தேடல் படுத்துவிட்டது. பிளானரின் கண்ணை இப்படிக் கட்ட வேண்டுமா?

வரிசைக்காரன்:
போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு பெரிய டேபிளுக்கு ரோ லெவல் செக்யூரிட்டி (ஆர்எல்எஸ்) போட்டேன். யார் எந்த வரிசையைப் பார்க்கலாம் என்று பாலிசி என்ற விதி வடிகட்டும். பெயரின் ஒரு பகுதியை வைத்துத் தேடும் லைக்குக்கென்றே, மும்மூன்று எழுத்தாக வெட்டி வைத்த ட்ரைகிராம் இண்டெக்ஸ் இருக்கிறது. பாலிசி வந்ததிலிருந்து, தேடலை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவெடுக்கும் பிளானர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. லைக்குக்கு லீக்ப்ரூஃப் முத்திரை, அதாவது தன்னிடம் வரும் மதிப்பைக் கசியவிடாது என்ற உத்தரவாதம், கிடையாதாம். அது இல்லாததைப் பாலிசிக்கு முன்னால் ஓட்ட மாட்டார்களாம். நாங்களே உருவாக்கிய டேட்டா டைப்பில் சிறியது பெரியது பார்த்தால் இன்னும் மோசம். எந்த மதிப்பு எவ்வளவு இருக்கிறது என்று சேமித்து வைத்த ஸ்டாடிஸ்டிக்ஸைப் பார்க்காமல், பாதி வரிசை வரும் என்று மொட்டையாக எடுத்துக்கொள்கிறது. வருவது நாற்பது வரிசை!

பூட்டுச்சாவி:
அந்தக் கட்டுப்பாடு பட்டறிந்து வந்தது. தன்னிடம் வரும் மதிப்பை நோட்டீஸ் செய்தியாகத் திரையில் துப்பும் ஒப்பீட்டு ஆபரேட்டர் ஒன்றை நான் எழுதுகிறேன் என்று வையுங்கள். எத்தனை வரிசை தேறும் என்று கணிக்க, ஸ்டாடிஸ்டிக்ஸ் சேகரிக்கும் அனலைஸ் கட்டளை எடுத்து வைத்த, அடிக்கடி வரும் மதிப்புகளை பிளானர் அதனிடம் ஒவ்வொன்றாகக் கொடுக்கும். தேடலை ஓட்டாமல் திட்டத்தை மட்டும் காட்டும் வெறும் எக்ஸ்ப்ளெய்ன் போதும், அடுத்தவர் டேட்டா என் திரையில். 2017-இல் இதை அடைத்தார்கள். 2019-இல் ஆர்எல்எஸ்ஸைத் தாண்டிக் கசிந்தது. 2025-இல் வியூ (சேமித்த தேடல்), பார்ட்டிஷன் (டேபிளின் துண்டு) வழியாக மறுபடியும்.

வரிசைக்காரன்:
சரி, அது நீங்கள் எழுதிய ஆபரேட்டர். லைக் கூடவே வருவதுதானே, அதன் மேல் என்ன சந்தேகம்?

பூட்டுச்சாவி:
பேட்டர்னை பேக்ஸ்லாஷில் முடித்துப் பாருங்கள். அதற்கு முந்தைய எழுத்துகளோடு பொருந்தும் வரிசை வந்தால்தான் எரர் அடிக்கும். எரர் வந்ததா இல்லையா என்பதே, மறைத்து வைத்த வரிசையில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடும்.

வரிசைக்காரன்:
இது எனக்குத் தெரியாது. ஒத்துக்கொள்கிறேன்.

கத்துக்குட்டி:
சூப்பர்யூசராகப் போய் அந்த ஃபங்ஷனை லீக்ப்ரூஃப் என்று மாற்றிவிட்டால் என்ன?

பூட்டுச்சாவி:
மாற்றலாம். சரிதானா என்று டேட்டாபேஸ் சோதிக்காது, உங்கள் வாக்குமூலத்தை அப்படியே நம்பும். அதைவிட, பாலிசியில் இருக்கும் வாடிக்கையாளர் எண்ணுக்கு இண்டெக்ஸ் போடுங்கள். முழு எண் சமன்பாடு லீக்ப்ரூஃப்தான், கணிப்பும் கெடாது. முதலில் அது வடிகட்டட்டும், மிச்சத்தில் லைக் ஓடட்டும்.

வரிசைக்காரன்:
போட்டாயிற்று. சின்ன வாடிக்கையாளர்களுக்கு ஜோர். ஆனால் ஒருவரிடம் மட்டுமே டேபிளில் முக்கால்வாசி இருக்கிறது, தினமும் புகார் சொல்பவரும் அவர்தான். அவருக்காக, கூப்பிடுபவரின் உரிமையில் இல்லாமல் ஃபங்ஷன் உரிமையாளரின் உரிமையில் ஓடும் செக்யூரிட்டி டிஃபைனர் ஃபங்ஷன் எழுதி, வாடிக்கையாளர் எண்ணை நானே கையால் சரிபார்க்கப் போகிறேன். அடிக்க வருகிறீர்களா?

பூட்டுச்சாவி:
அந்த ஃபங்ஷனை இங்கே ஒட்டுங்கள். டேபிள், ஃபங்ஷன் பெயர்களை எங்கெங்கே தேடுவது என்று சொல்லும் சர்ச் பாத்தை முதலில் பார்க்க வேண்டும்.