ராத்திரி ஹாம் ரேடியோ நெட்டில் மனசை விட்டுப் போகாத ஒரு நிமிஷம்: நம்ம கிளப்காரர்கள் எழுதுங்கள்

அடையாறு 40 மீட்டர்:

அன்றைக்கு நான்தான் நெட் கன்ட்ரோல், அதாவது எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடும் ரேடியோ கூட்டத்தை நடத்துகிறவன். ஒன்பது மணி நெட், இரண்டு மீட்டர் பேண்டு, சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் பழுது என்பதால் செட்டுக்குச் செட் நேரடியாக, சிம்ப்ளெக்ஸ். பத்துப் பன்னிரண்டு பேர் செக்-இன் ஆகிவிட்டார்கள். "வேறு ஸ்டேஷன் ஏதாவது உண்டா?" என்று கேட்டுவிட்டு பிடிடியை (பேசும்போது அழுத்தும் பொத்தான்) விட்டேன். குரல் வரவில்லை. சிக்னல் மீட்டரில் கோடு முழுசாக ஏறியது, இறங்கியது. இறங்கும்போது ஒரு "க்ஷ்". மறுபடி ஏறிக் கொஞ்சம் நின்று இறங்கியது. இப்படியே ஏழெட்டு முறை. யாரோ சின்னப் பையன் செட்டை வைத்து விளையாடுகிறான் என்று நினைத்தேன். "கேரியர் போடுகிறவர் தயவுசெய்து அலைவரிசையை விடுங்கள்" என்று கறாராகவே சொன்னேன். கேரியர் என்றால் பேச்சில்லாத வெறும் அலை. உடனே நின்றுவிட்டது.

பத்து நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. நம் எல்லோருக்கும் மோர்ஸ் சொல்லிக்கொடுத்த அந்த ஓஎம் (ஹாம் நண்பரை நாங்கள் அழைக்கும் பேர்). தொண்டையில் ஆபரேஷன், குரல் போய்விட்டது. பிடிடியையே மோர்ஸ் கீ மாதிரி அழுத்தித் தன் கால்சைனின் (ஸ்டேஷன் அடையாளப் பெயர்) கடைசி மூன்று எழுத்தை அனுப்பியிருக்கிறார். மோர்ஸில் நிமிஷத்துக்கு 8 சொல் எடுத்து ஜெனரல் கிரேடு லைசென்ஸ் பரீட்சை பாஸ் செய்தவன் நான், அவரிடம் படித்துத்தான். அந்த மூன்று எழுத்து எனக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நோட்டில் எழுதி எழுதிப் பேசினார். என் இன்வெர்டட் வி ஆன்டெனாவில் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்கிற அளவு) இறங்கியதா என்றுகூட எழுதிக் கேட்டார். அந்த ராத்திரியைப் பற்றி அவரும் எழுதவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது.

உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். எழுதுங்கள்.

தாம்பரம் மொட்டைமாடி:

2015 டிசம்பர். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டிய மழை. விளக்க வேண்டாம், எல்லோரும் பட்டதுதான். செல்போன் செத்த இரண்டாம் நாள், கார் பேட்டரியில் செட்டை மாட்டி மாடியில் உட்கார்ந்திருந்தேன். நாற்பது மீட்டரில் பெங்களூர் ஸ்டேஷன் ஒருவர் செய்தி கொடுத்தார். எங்களுக்கு அடுத்த தெரு, கீழ்வீடு, வயதான அம்மா தனியாக இருக்கிறார், இன்சுலின் போடுகிறவர், மகன் கேட்கிறான். எழுதிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் போனேன். கதவில் வெளிப்பூட்டு. அந்தப் பூட்டில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது, கோயில் கயிறு மாதிரி. தட்டினேன், கூப்பிட்டேன். அக்கம்பக்கத்தில் ஆளே இல்லை. திரும்பி வந்து "வீடு பூட்டியிருக்கிறது, உள்ளே யாரும் இல்லை" என்று அனுப்பினேன். பெங்களூர் "ரோஜர்" என்றது. அதோடு பேட்டரி இறங்கிவிட்டது.

உள்ளே யாரும் இல்லை என்று நான் எப்படிச் சொன்னேன்? பூட்டைத்தானே பார்த்தேன்? தண்ணீர் வடிந்தபின் போனால் அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். அந்த அம்மா எங்கே போனார் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. பென்சிலில் செய்தி எழுதிய அந்தத் துண்டுத்தாள் இன்னும் என் லாக் புத்தகத்துக்குள் இருக்கிறது.

மயிலை லாக்புக்:

முதலில் அடையாறு நண்பருக்கு. நீங்கள் செய்ததில் தப்பே இல்லை. அடையாளம் சொல்லாத கேரியர் வந்தால் விலகச் சொல்வதுதான் நெட் கன்ட்ரோலின் வேலை. எப்எம்மில் வெறும் கேரியரைத் தட்டி மோர்ஸ் அனுப்பினால் யாருக்குப் புரியும்? டோன் இல்லை. ஸ்க்வெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் சுற்று) மூடித் திறப்பதற்குள் பாதிப் புள்ளி விழுங்கப்பட்டிருக்கும். அவர் ஒரு டோன் ஆசிலேட்டரை (பீப் சத்தம் போடும் கருவி) மைக் முன்னால் வைத்திருந்தால் எல்லோரும் எடுத்திருப்போம்.

இனிமேலாவது ஒரு பழக்கம் வையுங்கள். குரல் இல்லாத சிக்னல் வந்தால் "நீங்கள் செக்-இன் செய்கிறீர்களா? ஆம் என்றால் இரண்டு அழுத்து, இல்லை என்றால் ஒன்று" என்று கேளுங்கள். மைக் கெட்டவர், பேட்டரி இறங்கியவர், காயம் பட்டவர் எல்லோருக்கும் இது உதவும். அதன்பின் ஆம்-இல்லை கேள்வியாகவே கேட்டு இடத்தையும் தேவையையும் வாங்கிவிடலாம். தாம்பரம் நண்பருக்கும் ஒன்று: செய்தி அனுப்பும்போது கண்ணால் பார்த்ததை மட்டும் அனுப்பவேண்டும். "பூட்டு வெளியே, தட்டினேன், பதில் இல்லை" என்று மூன்று துண்டாகப் போயிருந்தால் மகன் தானே முடிவு செய்திருப்பான். படிவத்தில் நேரம் போட்டீர்களா? அதுவும் முக்கியம்.

என் அனுபவம் அப்புறம் எழுதுகிறேன்.

நரிவேட்டை அக்கா:

மயிலை சார், தாம்பரம்காரர் ஆலோசனை கேட்கவில்லை. அவர் தப்பை அவரே எழுதிவிட்டார், படித்தீர்களா?

என்னுடையது சின்ன விஷயம். பன்னிரண்டு வயதில், அப்பாவோடு முதல் பாக்ஸ் ஹன்ட், அதாவது ஒளித்துவைத்த 'நரி' டிரான்ஸ்மிட்டரைத் தேடிப் பிடிக்கும் போட்டி. பிவிசி பைப்பில் இஞ்ச் டேப்பை வெட்டி ஒட்டிய யாகி (திசை காட்டும் ஆன்டெனா), அப்பாவும் நானும் செய்தது. நரி டிரான்ஸ்மிட்டர் ஒரு செருப்புத் தைக்கும் தாத்தாவின் மரப்பெட்டிக்குள் இருந்தது. நான்தான் முதலில் அந்த இடத்துக்குப் போனேன். அவருக்கு இரண்டடி தூரத்தில் நின்றேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் மீட்டர் முழுசு. தாத்தா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பெட்டிமேல் கையை வைத்துத் தட்டினார், பார் பார் என்கிற மாதிரி. எனக்குப் புரியவில்லை, நகர்ந்துவிட்டேன். பின்னால் வந்த பையன் கப் வாங்கினான். அந்தத் தட்டல் சத்தம் இப்போதும் கேட்கிறது.

இந்த வருஷ ஹன்ட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிவருகிறவர்கள் இதைச் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள். யாகி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஹேண்டியை (கைச் செட்) நெஞ்சோடு ஒட்டிப் பிடித்து மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். சிக்னல் எங்கே ரொம்பக் குறைகிறதோ, அப்போது நரி முதுகுக்குப் பின்னால். கிட்டே போய் மீட்டர் நிரம்பிவிட்டால் 5 அல்லது 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி டியூன் செய்யணும். அதுவும் நிரம்பினால் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுக் கேட்கணும். இன்னொன்று, நரி 145 மெகாஹெர்ட்ஸில் என்றால் அதன் மூன்று மடங்கு 435. டூயல் பேண்ட் செட்டில் அங்கே போனால் பத்திருபது அடிக்குள் வந்தால்தான் லேசாகக் கேட்கும், அப்போது திசை சுத்தமாகத் தெரியும். தண்ணீர் பாட்டில், தொப்பி கட்டாயம். ரோட்டைக் கடக்கும்போது மீட்டரைப் பார்க்கக்கூடாது, இதைப் பிள்ளைகளிடம் இரண்டு தரம் சொல்லுங்கள்.

பழைய சோல்டரிங்:

2004 டிசம்பர். பாரதி பிரசாத் குழு போர்ட் பிளேரிலிருந்து வி.யூ.4 ஆர்.பி.ஐ. என்ற கால்சைனில் ரேடியோவில் வந்தார்கள். அதற்குமுன் பல வருஷம் அந்தமானிலிருந்து ஹாம் யாரும் கிடையாது, உலகமே பைல்-அப்பில் (ஒரே ஸ்டேஷனைப் பலர் ஒரே நேரத்தில் கூப்பிடும் நெரிசல்) கத்திக்கொண்டிருந்தது. 24ஆம் தேதி ராத்திரி ஒரு மணி வரை 100 வாட்டில் கூப்பிட்டேன். கிடைக்கவில்லை. கோபத்தில் ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டுப் படுத்தேன்.

26ஆம் தேதி காலை கட்டில் ஆடியது. பத்து மணிக்குமேல் கடல் உள்ளே வந்த சேதி. செட்டைப் போட்டேன். நொடிக்கு ஒரு கால்சைன் எடுத்துக்கொண்டிருந்த ஸ்டேஷன் இப்போது ஆள் பெயர், ஊர், சொந்தக்காரர் போன் நம்பர் என்று ஒவ்வொன்றாக நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பிடிடிமேல் இருந்த விரலை எடுத்துவிட்டேன். நாலு மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தேன். என் வீட்டில் லேண்ட்லைன் வேலை செய்தது. "நான் சென்னை, போன் இருக்கிறது" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். குறுக்கே பேசக்கூடாது என்று இருந்துவிட்டேன்.

மயிலை லாக்புக்:

சோல்டரிங் அண்ணா, நீங்கள் பேசாமல் இருந்ததும் சரிதான். அவசர நெட்டில் கூப்பிடாமல் உள்ளே வரக்கூடாது.

அக்கா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். தாம்பரம் நண்பரே, மன்னிக்கவும்.

பெரம்பூர் கீ:

எல்லாவற்றையும் இப்போதுதான் படித்தேன். அடையாறு அண்ணா, அந்த ஓஎம் தினமும் காலையில் கீயில் வருகிறார், உங்களுக்குத் தெரியாதா? நேற்றுகூட என்னோடு பேசினார். வேகமெல்லாம் இல்லை, பத்து சொல்தான். நான் தப்பாக எடுத்தால் அந்தச் சொல்லை மட்டும் திரும்ப அனுப்புவார், வகுப்பில் மாதிரியே.

அடையாறு 40 மீட்டர்:

எத்தனை மணிக்கு? எந்த அலைவரிசை?

பெரம்பூர் கீ:

ஆறேகால். 7.025 பக்கம். மெதுவாக அனுப்புங்கள்.