பிள்ளை பெற்றவளுக்கு எந்த மீன்: பால்சுறாவா, வளர்ப்புக் கட்லாவா?

குன்னூர் அம்மா: மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம். பால் ஊற பால்சுறாப் புட்டு செய்து கொடுக்க நினைத்தேன். மருமகன் சுறா வேண்டாம் என்று குளத்தில் வளர்த்த கட்லாவை வாங்கி வருகிறார். எது நல்லது?

மஞ்சூர்க்காரன்: கடல் மீனே வாங்குங்கம்மா. பண்ணையில் நெருக்கி வளர்ப்பதால் சீக்கு வரும், மருந்து போடுவார்கள். குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் எல்லாம் மீன் வளர்ப்பில் தடை செய்த மருந்துகள். புழக்கத்தில் இல்லாததையா தடை செய்தார்கள்? அப்புறம், தவிடும் கடலைப் புண்ணாக்கும் தின்ற கட்லாவில் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு எவ்வளவு இருந்துவிடும்? கடலில் அது பாசியிலிருந்து சின்ன மீனுக்கும், அதைத் தின்னும் பெரிய மீனுக்கும் போகிறது.

எமரால்டுவாசி: பாதரசம் என்ற நஞ்சும் அதே வழியில்தான் ஏறுகிறது, அண்ணா. சுறா பல வருடம் உயிரோடு இருந்து மற்ற மீன்களைத் தின்கிறது. தின்னத் தின்ன அதன் சதையில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும், வேகவைத்தாலும் போகாது. கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் சுறாவைத் தவிர்க்கவேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே சொல்கிறது. கட்லாவை ஒரு வருடத்திலேயே பிடித்துவிடுவார்கள், அவ்வளவு சேர நேரம் ஏது? உங்கள் மருமகன் பேச்சைக் கேளுங்கள்.

மஞ்சூர்க்காரன்: என் அம்மா, பாட்டி எல்லாரும் பால்சுறா சாப்பிட்டுத்தான் எங்களை வளர்த்தார்கள். சரி, சுறாவை விடுங்கள். நம் நீலகிரி ஓடையில் தானாக வளரும் டிரவுட் மீனுக்கு என்ன குறை?

எமரால்டுவாசி: அதுவும் மீன் குஞ்சு பொரிக்கும் பொரிப்பகத்து வம்சம்தான். அவலாஞ்சியில் 1907இல் பொரிப்பகம் வைத்து ஓடைகளில் விட்டார்கள். தானாக வளர்ந்தது என்பதற்காகவே ஒரு மீன் நல்லதாகிவிடாது. ஊட்டி ஏரியிலும் மீன் தானாகத்தான் வளர்கிறது. ஊர்ச் சாக்கடை கலந்த அந்தத் தண்ணீர் மீனை இந்த அம்மாவின் மகளுக்கு வாங்கிக் கொடுப்பீர்களா? கேரட்டுக்கு நாம் அடிக்கும் மருந்தும் மழையில் ஓடைக்குத்தான் இறங்குகிறது.

கூடலூர் அக்கா: இரண்டு பேரும் மத்தியை மறந்துவிட்டீர்களே! கடல் மீன்தான், ஆனால் ஆயுளே இரண்டு மூன்று வருடம், தின்பதும் மிதக்கும் நுண்ணுயிர்களை. பாதரசம் குறைவு, ஒமேகா-3 கட்லாவைவிட அதிகம். செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கம்மா. வெளுத்திருந்தால் வேண்டாம். 2018இல் கேரளாவில், கெடாமலிருக்க ஃபார்மலின் போட்ட மீனை டன் கணக்கில் பறிமுதல் செய்தார்கள், அந்தப் பக்கத்து மீன் நமக்கும் மலையேறி வருகிறது.

மஞ்சூர்க்காரன்: மத்தி என்றால் எனக்கும் சம்மதம். கட்லா மட்டும் என் வீட்டுக்குள் வராது. என்ன தீவனம், என்ன மருந்து என்று பண்ணைக்காரர் காட்டட்டும், பிறகு பேசலாம்.

குன்னூர் அம்மா: நாளைக்கு மத்திக் குழம்பு. மருமகனிடம் சொல்லிவிட்டேன்.