டெல் எதற்கு சுவிட்ச் விற்க வந்தது?

ரேக்வாசி:
அலுவலகத்தில் பழைய சாமான்களை ஒதுக்கும்போது ஒரு டெல் பவர்கனெக்ட் 2724 கிடைத்தது, கம்ப்யூட்டர்களை கேபிளால் இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச். 24 போர்ட் (கேபிள் செருகும் இடம்), கிகாபிட் வேகம், கரண்ட் கொடுத்தால் நன்றாகவே ஓடுகிறது. கம்ப்யூட்டர் விற்கிற கம்பெனி சுவிட்ச் பக்கம் ஏன் வந்தது, அதுவும் நெட்வொர்க் சாதனங்களில் பெரிய கம்பெனியான சிஸ்கோ இருக்கும்போது? அப்புறம், பத்து பேர் உள்ள அலுவலகத்துக்கு இதை இப்போது போடலாமா?

கேபிள்மாமா:
பவர்கனெக்ட் என்ற டெல்லின் சுவிட்ச் வரிசை வந்தது 2001-இல். அதற்கு முன்பு சர்வர் வாங்க வருகிறவர்களுக்கு டெல் சிஸ்கோ சுவிட்சையும் சேர்த்து விற்றது. கேபிள் நெட்வொர்க் ஓடும் ஈதர்நெட் முறை எல்லோருக்கும் பொதுவான தரம், உள்ளே போகும் சிப்பை பிராட்காம் மாதிரி கம்பெனிகள் யார் கேட்டாலும் விற்பார்கள், பெட்டியைச் செய்துதர தைவானில் ஆட்கள் இருக்கிறார்கள், அப்படியிருக்க ஆராய்ச்சிக்குப் பணத்தைக் கொட்டாமல் தன் பெயரைப் போட்டு, பிசி விற்கும் அதே போனிலும் இணையதளத்திலும் மலிவாகத் தள்ளிவிடலாம் என்பதுதான் கணக்கு. பிசியில் செய்த வேலைதான். சிஸ்கோ சும்மா இருக்குமா? 2002-இல் டெல்லுடனான விற்பனை ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. அடுத்த வருடமே, வீடுகளுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் நெட்வொர்க் சாதனம் விற்றுவந்த லிங்க்சிஸ் கம்பெனியை சுமார் 50 கோடி டாலருக்கு வாங்கியது.

பழையசர்வர்:
மாமா சொன்னதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். விலை மட்டுமே போதுமென்றால் சிஸ்கோ எப்போதோ காணாமல் போயிருக்கும். சின்ன அலுவலகத்தில் கேபிளைச் செருகிவிட்டு மறந்துவிடுவார்கள், அங்கே டெல் எடுபட்டது. பெரிய நெட்வொர்க்கில் பெட்டியைவிட அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள்தான் செலவு, சிசிஎன்ஏ என்ற சிஸ்கோ சான்றிதழ் முடித்தவர்கள் கைக்குப் பழகியது சிஸ்கோ கட்டளைகள். டெல்லும் அதே சாயலில்தான் வைத்திருந்தது, ஆனால் மாடலுக்கு மாடல் சிப்பும் மென்பொருளும் வேறு, 5400 வரிசையில் அடித்துப் பழகிய கட்டளை 6200 வரிசையில் இடறும், எரிச்சல் பிடித்த வேலை. டேட்டா சென்டருக்குள் உருப்படியாக நுழைய 2011-இல் ஃபோர்ஸ்10 என்ற கம்பெனியையே வாங்க வேண்டியதாயிற்று.

பேட்ச்கார்டு:
வரலாறு இருக்கட்டும், 2724-ஐத் தாராளமாகப் போடுங்கள். முன்பக்கம் ஒரு சின்ன பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால்தான் செட்டிங்ஸ் பக்கமே திறக்கும். விலேன் (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது) தேவையில்லை என்றால் தொடவே வேண்டாம். ஃபர்ம்வேர் (சுவிட்சுக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் இனி வராது, அதனால் அந்த செட்டிங்ஸ் பக்கத்தை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். பிஓஇ, அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாகவே கரண்ட் கொடுக்கும் வசதி, இதில் கிடையாது.

ரேக்வாசி:
கேமரா நாலு இருக்கிறதே. அதற்கு மட்டும் சின்ன பிஓஇ சுவிட்ச் ஒன்று வாங்கி இதோடு இணைத்தால் சரியா?

பேட்ச்கார்டு:
சரி. வாங்கும்போது மொத்தம் எத்தனை வாட் தரும் என்று பார்த்து வாங்குங்கள், போர்ட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.