பூனைக்கு நகம் வெட்டுறது: ஒரே மூச்சிலா, ஒவ்வொண்ணாவா?

கிழிந்தசோபா:
நேத்து ராத்திரி என் பூனையைத் துண்டில் சுத்தி, மடியில் இடுக்கிக்கிட்டு நகம் வெட்ட உட்கார்ந்தேன். மூணு நகம் முடியறதுக்குள்ள என் கையில் நாலு கோடு. இப்ப நகவெட்டியை எடுத்தாலே அலமாரி மேல ஏறிக்குது. "பிடிச்சு ஒரே தடவையில முடி"ன்னு எல்லாரும் சொல்றாங்க. 18 நகத்தை ஒரே தடவையில் எப்படிங்க?

வேங்கை:
ஒரே தடவைதான் சரி பாஸ். நீங்க தனியா செஞ்சதுதான் தப்பு. எங்க வீட்டுல ஒருத்தர் பிடிப்போம், ஒருத்தர் வெட்டுவோம், அஞ்சு நிமிஷ வேலை. ஊசி போடுற மாதிரிதான், பயம் கொஞ்ச நேரம். தினம் ஒண்ணுன்னு இழுத்தா பூனைக்குத் தினமும் பயம்.

மியாவ்பாட்டி:
வேங்கை தம்பி, பூனை எதுக்குப் பயப்படுதுன்னு பார்த்தீங்களா? நுனியில் உணர்ச்சியே கிடையாது, நம்ம நகம் மாதிரிதான். அது கத்துறது உங்க பிடிக்கு. பிடியை எடுத்துட்டா பாதிப் பிரச்சினை போச்சு.

நான் செய்றதைச் சொல்றேன். தூங்கி எழுந்து சோம்பல் முறிக்கிற நேரமா பார்த்து பக்கத்துல உட்காருவேன். ஒரு விரலை மட்டும், மேலே என் கட்டைவிரல், கீழே மெத்துன்னு இருக்கிற சதையில் ஆள்காட்டி விரல், லேசா அமுக்கினா நகம் தானா நீளும். வெளிச்சத்தில் பார்த்தா அடிப்பக்கம் ரோஸ் நிறத்தில் ஒரு முக்கோணம் தெரியும். ரத்தமும் நரம்பும் அங்கேதான். அதுக்கு 2 மி.மீ. முன்னாடியே நிறுத்தி, கொக்கி மாதிரி வளைஞ்ச நுனியை மட்டும் வெட்டணும். உடனே பிடிச்ச தீனி ஒரு வாய். அன்னைக்கு அவ்வளவுதான். வால் சுழட்ட ஆரம்பிச்சா, காது பின்னால போனா, அந்த ஒண்ணு கூட வேண்டாம்.

கிழிந்தசோபா சகோதரிக்கு மட்டும்: முதல் ஒரு வாரம் நகவெட்டியைத் தொடவே தொடாதீங்க. அமுக்கு, தீனி, விடு. அவ்வளவே.

சுவர்ப்பூனை:
வெட்டத்தான் வேண்டுமா என்பதை யாருமே கேட்கவில்லை. பூனை பிறாண்டுவதே நகத்தின் பழைய மேலுறையை உரித்துப் போடத்தான். பிறை போல உதிர்ந்து கிடக்கும் உறையைப் பெருக்கும்போது பார்த்திருப்பீர்கள். சணல் சுற்றிய நல்ல உயரமான கட்டை ஒன்று போதும். வெளியே போய்வரும் பூனைக்கு நகத்தை மழுக்குவது, நாய் துரத்தும்போது ஏணியைப் பிடுங்குவது மாதிரி.

மியாவ்பாட்டி:
வெளியே போற பூனை விஷயத்தில் உங்க கட்சிதான் நான். ஆனா பிறாண்டினா நகம் கூராகும், குட்டையாகாது. அதோட முன்காலில் உள்பக்கமா ஒரு நகம் இருக்கே, அது தரையிலேயே படாது, தேயவும் தேயாது. என் கிழவிக்கு 14 வயசு. மூட்டு வலியால் பிறாண்டுறதையே விட்டுட்டா. ஒருநாள் நொண்டினப்போதான் பார்த்தேன், அந்த நகம் வட்டமா சுருண்டு சதைக்குள்ள இறங்கியிருந்தது. டாக்டர்தான் எடுத்தார். முடிக்குள்ள மறைஞ்சிருந்ததுன்னு என்னை நானே சமாதானப்படுத்திக்கலாம். கவனிக்காதது என் தப்புதான்.

சுவர்ப்பூனை:
அது எனக்குத் தோன்றவில்லை. சரி, கிழப் பூனைக்கு வெட்டுங்கள். இளசுக்கு முன்கால் போதும். பின்கால் உறையை அது பல்லால் கடித்தே எடுத்துவிடும்.

புதுசு:
நகமே வளராம ஆபரேஷன் பண்ணிடலாமாமே?

வேங்கை:
ஐயோ வேணாம். அது நகத்தை எடுக்கிறது இல்ல, விரலோட கடைசி எலும்பையே வெட்டுறது. நியூயார்க் மாநிலத்துல 2019லயே தடை போட்டாச்சு. நான் முரட்டுப் பிடி பிடிப்பேன், அவ்வளவு முரடன் இல்ல.

அது கிடக்கட்டும். பாட்டி, தப்பா வெட்டி ரத்தம் வந்தா என்ன செய்வீங்க?

மியாவ்பாட்டி:
சோளமாவைத் தொட்டு வெச்சு ரெண்டு மூணு நிமிஷம் அழுத்துவேன், நின்னுடும். நிக்கலன்னா டாக்டர்கிட்ட. மொட்டை நகவெட்டி வேண்டாம், நகத்தை நசுக்கிப் பிளந்துடும்.

கிழிந்தசோபா:
பத்து நாள் ஆச்சு. சாப்பாட்டுத் தட்டு பக்கத்துல நகவெட்டியை வெச்சிருந்தேன், மோந்து பார்த்துட்டுப் போச்சு. இன்னைக்குக் காலையில ஒரே ஒரு நகம். முழிக்கக்கூட இல்ல!

வேங்கை:
18ல ஒண்ணு. கடைசி நகத்துக்கு வர்றப்ப முதல் நகம் மறுபடி வளர்ந்திருக்கும்.

மியாவ்பாட்டி:
முன்கால் பத்து, பத்து நாள். அது வளர ரெண்டு மூணு வாரம். கணக்கு இடிக்கலையே தம்பி.

வேங்கை:
என் பூனை அலமாரியில இருந்து இறங்கட்டும், யோசிக்கிறேன்.