பிரென்னர் கணவாயில் ஏறுவதற்கு முன் ஒரு யோசனை தேவை: எஞ்சின் சூடேறுகிறது

ராட்டர்டாமிலிருந்து வெரோனாவுக்குக் குடும்பத்துடன் கிளம்பிய எங்கள் கார் ஏற்றம் வந்தாலே சூடேறுவதால், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் நின்றுவிட்டோம். 2013ஆம் ஆண்டு மாடல், 1.6 லிட்டர் டீசல், மேனுவல் கியர். 1,84,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

ஜெர்மனியின் சமதளச் சாலைகளில் எந்தக் குறையும் தெரியவில்லை. நேற்று மாலை, சுமார் 1,200 மீட்டர் உயரமுள்ள ஃபெர்ன் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்தபோதுதான் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியது. ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுவதுமாகத் திறந்துவிட்டதும் மெல்ல இறங்கியது. இன்று காலை பார்த்தபோது, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) தொட்டியின் குறைந்தபட்சக் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது. வண்டிக்கடியில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

கூலன்ட்டை நிரப்பி, தொட்டியின் மூடியையும் புதிதாக மாற்றிவிட்டேன். ரேடியேட்டர் விசிறி ஒழுங்காகச் சுற்றுகிறது. கூலன்ட் எஞ்சினுக்குள் கசிவதற்கான அறிகுறிகளும் தெரியவில்லை: ஆயில் மூடியின் உட்புறத்தில் பால்போன்ற படிவு இல்லை, வெள்ளைப் புகையும் இல்லை. எனக்கு அச்சம் தருவது ஒன்றுதான்: இரவு முழுவதும் ஆறிய பிறகும் ரேடியேட்டரின் மேல் ஹோஸ், அழுத்தினால் அமுங்காமல், கல்போல் இறுகியிருந்தது. சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் அடைப்பு) போயிருந்தால் அப்படி இருக்கும் என்று படித்திருக்கிறேன். இன்று சனிக்கிழமை, அருகிலுள்ள ஒர்க்‌ஷாப் திங்கட்கிழமைதான் திறக்கும். பின்னிருக்கையில் இரண்டு சிறு குழந்தைகள் இருப்பதால், நெடுஞ்சாலையில் நடுவழியில் நின்றுவிடக் கூடாது என்பதே என் கவலை.

இந்த நிலையில், இத்தாலி எல்லையில் 1,370 மீட்டர் உயரமுள்ள பிரென்னர் கணவாயை நாளை அதிகாலைக் குளிரில் நிதானமாக ஓட்டிக் கடந்துவிடலாமா, அல்லது கேஸ்கெட்டைச் சோதிக்கும்வரை வண்டியை எடுக்கவே கூடாதா?